பேட்டரிக்கு ஊற்றிய நல்ல தண்ணி

யுபிஎஸ் கத்துவதில் இரண்டு வகை உண்டு. கரண்ட் போனதும் ஒரு தடவை கத்திவிட்டு அடங்குவது ஒன்று. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வேலையைப் பார் என்று அதற்கு அர்த்தம். விடாமல் கத்துவது இன்னொன்று. என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை, இனி என்னை நம்பாதே என்று அர்த்தம். இந்த இரண்டாவது சத்தத்தை, பதினோரு வருஷமாக யுபிஎஸ் பார்ப்பதே வேலையாக இருந்தும், நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதன்முதலில் அதைக் கேட்டது போனில், என் அம்மாவின் குரலுக்குப் பின்னால்.

ஆம்பூருக்கு வெளியே ஹைவே ஓரத்தில் ஒரு ஷூ கம்பெனி. அதில் எனக்கு எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ். டிசைன் கம்ப்யூட்டர்கள், தோல் வெட்டும் பெரிய மெஷின், ஆபீஸ் சர்வர் எல்லாம் ஒரே யுபிஎஸ்ஸில் ஓடுகின்றன. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எழுந்து வரச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளுக்காக இரும்பு ரேக்கில் மூன்று வரிசையாக முப்பது பேட்டரி. ஒரு பேட்டரிக்கு ஆறு மூடி. மாதத்துக்கு ஒரு தடவை நூற்று எண்பது மூடிகளையும் திறந்து மட்டம் பார்த்து, குறைந்த இடத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, வாசலின் தடவ வேண்டும். தினமும் காலையில் வோல்டேஜ் எவ்வளவு, லோடு எவ்வளவு, ரூமில் சூடு எவ்வளவு என்று சுவரில் மாட்டிய சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசி சனிக்கிழமை, வேண்டுமென்றே மெயினை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். கரண்ட் இருக்கிறவரை எல்லா யுபிஎஸ்ஸும் நல்ல யுபிஎஸ்தான். அணைத்துப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். கம்பெனியில் யார் கேட்டாலும் இதை ஏதோ நானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வேன்.

வீட்டிலும் ஒரு யுபிஎஸ் இருந்தது. அதில் தொங்கிக்கொண்டிருந்தது என் அப்பாவின் மூச்சு.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் டேனரியில் பஃபிங் பிரிவில் இருந்தவர். பதப்படுத்திய தோலை, உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்க்கிற வேலை. தூசி மாவாகப் பறக்கும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. வீட்டுக்கு வரும்போது புருவம் மட்டும் நரைத்த ஆள்போல இருப்பார். கடைசியில் நுரையீரல் இறுகிவிட்டது, இனி இளகாது என்று வேலூரில் டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இடுப்பு உயரம்கூட இருக்காது. ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் அப்பாவுக்குக் கொஞ்ச நேரத்தில் உதடு கறுக்க ஆரம்பிக்கும். அதனால்தான் இரண்டு பெரிய பேட்டரி போட்ட யுபிஎஸ் வாங்கி, ஹாலில் அவர் கட்டிலுக்கு எதிரேயே வைத்தேன். முழு மின்தடை என்றாலும் ஆறு, ஏழு மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அப்பா நம்பினார். அம்மாவும் நம்பினாள். எங்கள் வீட்டில் மூன்றே பேர்தான், மூன்றாவது ஆள் நான். நானும் நம்பினேன்.

பேட்டரி மூடிகளில் மிதக்கிற குச்சி ஒன்று இருக்கும். தண்ணீர் இருந்தால் குச்சி மேலே நிற்கும். குறைந்தால் உள்ளே இறங்கிவிடும். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துப் பன்னிரண்டு குச்சி. வாங்கிய புதிதில் ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒளிக்க ஒன்றும் இல்லை, காரணம் அலுப்புதான். பகல் முழுக்கப் பேட்டரி முகத்தில் விழித்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே ஆசிட் வாடையில் குனிய எனக்குப் பிடிக்கவில்லை. அணைத்துப் பார்க்கிற டெஸ்ட் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. மூக்கில் குழாயோடு ஒரு மனுஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எப்படி மெயினை அணைப்பது? பத்து நிமிஷம், கால் மணி என்று கரண்ட் போகும், வரும். யுபிஎஸ் தாங்கியது. அதையே டெஸ்ட் என்று வைத்துக்கொண்டேன். கையில் பிடிக்கிற சின்ன சிலிண்டர் ஒன்றும் அவசரத்துக்கு வைத்திருந்தோம். அது ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததில் தீர்ந்துபோய்க் கொல்லைக் கதவோரம் காலியாக நின்றது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று நாள் கடத்திக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அந்த மாதம் எங்கள் பக்கம் மின்தடை அறிவித்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து. மின்தடை நாளில் நான் வீட்டில் இருக்க முடியாது. கம்பெனியில் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறுவது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, அன்றைக்குத்தான் நான் கட்டாயம் யுபிஎஸ் ரூமில் நின்றாக வேண்டும். கிளம்பும்போது அப்பாவிடம், "எட்டு மணி நேரம்ன்னு போட்டுக்கிறான். மூணு மணிக்கெல்லாம் வந்துடும். பேட்டரி தாங்கும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும். அதனால் தலையாட்டிப் பதில் சொல்லிவிடுவார்.

ஒன்பது மணிக்குக் கம்பெனியில் கரண்ட் போனது. யுபிஎஸ் ஒரு தடவை கத்தி அடங்கியது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீ வந்தது. பாதி டீயில் போன் வந்தது.

"டேய், மெசினு கத்துதுடா" என்றாள் அம்மா. அவள் சொல்வதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. அந்த இரண்டாவது சத்தம்.

"ஃபேன் ஓடுதா? டிவி, லைட்டு எல்லாம் அணைச்சிடு" என்றேன்.

"எதுவுமே போடலடா. அவரு மெசினு மட்டும்தான்."

மணி ஒன்பது இருபதுகூட ஆகவில்லை. ஏழு மணி நேரம் என்று சொன்ன பேட்டரி இருபது நிமிஷத்தில் கையை விரித்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வர அரை மணியாகும் என்றார்கள். செக்யூரிட்டியிடம் எதுவும் சொல்லாமல் பைக்கை எடுத்தேன். எட்டு நிமிஷத் தூரம். அந்த எட்டு நிமிஷத்தில் கடவுளைக் கும்பிடவில்லை. இன்வெர்ட்டர் கார்டா, ஃபியூஸா, லூஸ் கனெக்‌ஷனா என்று கோளாறுகளை வரிசையாக நினைத்துக்கொண்டே போனேன். எதுவாக இருந்தாலும் என் தப்பாக இருக்கக் கூடாது என்பதுதான் உள்ளே ஓடிய வேண்டுதல். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது எந்தச் சத்தமும் இல்லை. யுபிஎஸ் செத்துவிட்டிருந்தது. மெஷினும் நின்றிருந்தது. ஒன்றரை வருஷமாக அந்த மெஷின் சத்தம் இல்லாமல் எங்கள் ஹாலை நான் கேட்டதில்லை. அப்பா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. குழாய் இன்னும் மூக்கில் இருந்தது. ஒன்றும் வராத குழாய். அம்மா புடவைத் தலைப்பால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டியிருந்த கிளிப் எழுபத்தாறு காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபத்து மூன்றானது. அவருக்கு வழக்கமாகத் தொண்ணூற்றிரண்டு இருக்கும்.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் என் கை பேட்டரிக்குப் போனது. பழக்கம். குச்சிகள் பன்னிரண்டும் மேலே நின்றன. மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் கழுத்துவரை இருந்தது. நான் தண்ணீர் ஊற்றி மாதங்கள் ஆகியிருந்தன.

"யார் இதுல தண்ணி ஊத்தினது?"

"நான்தான்டா. கொறஞ்சி கொறஞ்சி போவுது, அதான் மாசா மாசம் ஊத்திக்கினு வர்றேன்."

"எந்தத் தண்ணி?"

அம்மாவின் முகத்தில் பயம் வந்தது. "போர் தண்ணி ஊத்தலடா. நல்ல தண்ணிதான் ஊத்துனேன். நாம குடிக்கிற கேன் தண்ணி."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வாளியில் பழுப்பு வளையம் படியும். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதனால் எங்கள் வீடுகளில் இரண்டே தண்ணீர்தான். கெட்டது போர் தண்ணீர், நல்லது கேன் தண்ணீர். சோறு வடிக்க, மாத்திரை போட, வந்தவர்களுக்குக் கொடுக்க எல்லாம் கேன் தண்ணீர்தான். அதற்கு மேல் சுத்தமான தண்ணீர் என்று ஒன்று என் அம்மாவின் உலகத்தில் கிடையாது. பேட்டரிக்குக் கேன் தண்ணீரும் விஷம்தான், அதிலும் உப்பு இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? யாரக் கேட்டு ஊத்தின? நீயே கொன்னுட்டியே அவர" என்று கத்தினேன். எதிர்வீட்டு பாய் வாசலில் வந்து நின்றிருந்தார், அவர் எதிரிலேயே கத்தினேன். அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை. அப்பா முழங்காலிலிருந்து ஒரு கையை எடுத்து என் பக்கமாக இரண்டு மூன்று தடவை ஆட்டினார். கண்கள் பிதுங்கியிருந்தன. சீக்கிரம், சீக்கிரம் என்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

எதிர்வீட்டு பாய் ஆட்டோ ஓட்டுகிறவர். நான் கேட்பதற்கு முன்பே ஆட்டோவைத் திருப்பி வாசலில் நிறுத்திவிட்டார். "பேஜார் ஆவாதே தம்பி. நைனாவைப் புடி, நான் மெஷின எடுத்தாறேன்" என்றார். அப்பாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கினேன். அவ்வளவு லேசாக இருந்தார். அம்மா வாசற்படிவரை வந்தாள். ஆட்டோவில் அப்பா, நான், மெஷின். அவளுக்கு இடமில்லை. வா என்றும் நான் சொல்லவில்லை. கையில் அவருடைய சால்வையோடு நின்றாள். அதை வாங்கிக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. ஆக்சிஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அரை மணிக்கு மேல் ஆகும், ஆம்புலன்ஸும் வந்தபாடில்லை. எட்டு நிமிஷத்தில், நிற்காத கரண்ட் இருக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

கம்பெனி கேட்டில் வெளியாட்களை விட மாட்டார்கள். பாஸ் வேண்டும், ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், ஆட்டோ உள்ளே வரக் கூடாது. செக்யூரிட்டி ரிஜிஸ்டரோடுதான் எழுந்து வந்தார். அப்பாவின் உதட்டைப் பார்த்தார். ரிஜிஸ்டரை நாற்காலியில் போட்டுவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தூக்கினார். கிளிப்பில் அறுபத்தெட்டு. அப்பாவின் தலை என் தோளில் விழ ஆரம்பித்திருந்தது. "அப்பா, தூங்காதப்பா, தூங்காதப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பாய் ஓட்டிக்கொண்டே ஏதோ ஓதிக்கொண்டு வந்தார்.

யுபிஎஸ் ரூமில் என் நாற்காலியில் அவரை உட்காரவைத்து மெஷினைச் செருகினேன். அது ஒரு தடவை உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஆக்சிஜன் ஒழுங்காக வர ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிஷம் நான் தரையில் உட்கார்ந்து அவருடைய பாதங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுபது. எழுபத்து நான்கு. எண்பத்தொன்று. எண்பத்தெட்டு வந்தபோது நான் அழுதேன். பாய் என் முதுகில் தட்டிவிட்டு, "அம்மாவுக்குப் போய்ச் சொல்றேன்" என்று கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்தார். சட்டம் பேசுகிற ஆள். வாசலில் நின்று, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்த அப்பாவையும், தரையில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"வீட்டு பேட்டரி போய்டுச்சி சார்."

"உங்க வீட்டுதா?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை. நிஜமான ஆச்சரியம். அதுதான் இன்னும் மோசம். அப்புறம், "ஏசிய கம்மி பண்ணு. பெரியவருக்குக் குளிரப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கரண்ட் வரும்வரை அப்பா அங்கேயேதான் இருந்தார். ஏறக்குறைய மூன்று மணிவரை. உதட்டுக்கு நிறம் வந்த பிறகு மெல்ல ரூமைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேட்டரி ரேக். தூசியில்லாமல் துடைத்த முப்பது பேட்டரி, நம்பர் ஒட்டியது, வாசலின் பளபளக்கிற டெர்மினல்கள். சுவரில் நான் தினமும் எழுதுகிற சீட்டு. அதை எடுத்து வரும்படி கையைக் காட்டினார். கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். செய்தவர் என்ற இடத்தில் வரிசையாக என் கையெழுத்து. ஒரு நாள் விடாமல்.

"எல்லாம் நீ பாக்கறதா?"

"ஆமாப்பா."

"நல்லா... வச்சிக்கினு இருக்கிற" என்றார். நடுவில் ஒரு மூச்சு. குற்றமாகச் சொல்லவில்லை, மகன் வேலை பார்க்கிற இடத்தை முதல் தடவையாகப் பார்த்த அப்பாவின் சந்தோஷம்தான் அது. நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏசி ரிமோட்டைத் தேடுவதுபோல எழுந்துபோனேன்.

மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்தார். அம்மா அப்போது சமையல்கட்டில் இருந்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். "கேன் தண்ணி தப்புதான். ஆனா இது அதனால மட்டும் சாவலை. அதுக்கு முன்னாடியே தண்ணியில்லாம பிளேட்டு காஞ்சிருக்குது. ரொம்ப நாள் யாரும் தெறந்தே பாக்கல. தண்ணி ஊத்தலன்னா இன்னும் சீக்கிரமே போயிருக்கும். அம்மா ஊத்தினதாலதான் இத்தினி நாள் இழுத்துக்கினு வந்திருக்குது."

இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவெடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். சாயங்காலம் அவள் வந்து, "என்னாலதான்னு சொன்னாரா?" என்று கேட்டாள். "அத விடு" என்றேன். விடு என்றால் ஆமாம் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் கம்பெனி மாதிரி ஆயிற்று. புதிதாக இரண்டு பேட்டரி. அம்மாவே கடைக்குப் போய் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வருவாள். வேறு பாத்திரம் எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது என்று சாமி அலமாரிக்குக் கீழே தனியாக வைப்பாள். சிலிண்டர் எப்போதும் நிரம்பியிருந்தது. அப்பா கட்டிலுக்கு மேலே ஒரு சீட்டு மாட்டினேன். செய்தவர் என்ற இடத்தில் நான். பக்கத்தில் சரிபார்த்தவர் என்று ஒரு இடம். அதில் அப்பா கையெழுத்துப் போடுவார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சிலிண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெஸ்ட். மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நான் நிற்பேன். அப்பாதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அணை" என்பார். அணைப்பேன். ஒரு தடவை கத்தும், அடங்கும், மெஷின் ஓடும். எங்கள் மூன்று பேரில் அவர் ஒருவர்தான் பயப்படாமல் இருப்பார்.

ஆனால் தூக்கம் போய்விட்டது, எனக்கும் அம்மாவுக்கும். கம்பெனியில் இருக்கும்போது போன் அடித்தாலே அந்தச் சத்தம்தான் முதலில் காதில் விழும், அம்மாவின் குரல் அப்புறம்தான். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நானே போன் போட்டு, "பச்சை லைட் எரியுதா?" என்று கேட்பேன். "எரியுதுடா" என்பாள். ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. அப்பாவுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவு ஏறிக்கொண்டே போனது. நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர், மூன்று, நாலரை. அளவு ஏறினால் பேட்டரி தாங்குகிற நேரம் குறையும். நான் உட்கார்ந்து மறுபடி மறுபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்கு பேட்டரியைப் பற்றியது இல்லை என்று தெரிந்தும் போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அப்பா போனார். அன்று கரண்ட் போகவில்லை. வோல்டேஜ் சரியாக இருந்தது. பச்சை லைட் எரிந்தது. பன்னிரண்டு குச்சியும் மேலே நின்றன. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, குழாயில் ஆக்சிஜன் வந்துகொண்டே இருந்தது, அவர்தான் இழுப்பதை நிறுத்திவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது அம்மா மெஷினை அணைக்காமல் வைத்திருந்தாள். நான்தான் அணைத்தேன்.

காரியம் முடிந்து மெஷினைத் திருப்பிக் கொடுத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் என்னையறியாமல் டிஸ்டில்டு வாட்டர் கேனை எடுத்துக்கொண்டு பேட்டரி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தை எடுத்த வெறும் கட்டில்.

"இனிமே எதுக்குடா அது?"

அப்போதுதான் சொன்னேன். கடைக்காரர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். பிளேட்டு காய்ந்தது என்னால், நீ ஊற்றியதால்தான் அத்தனை நாளாவது ஓடியது, தெரிந்தும் நான் சொல்லாமல் இருந்தேன் என்று சொன்னேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

"அவருதான்டா ஊத்தச் சொன்னாரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"கட்டில்லருந்து குச்சிய பாத்துக்கினே இருப்பாரு. ஒண்ணு ஒண்ணா எறங்குது பாருன்னுவாரு. புள்ளகிட்ட சொல்றேன்னு சொன்னேன். சொல்லாதேன்னாரு. நாள் முழுக்க அதே வேலைய செஞ்சிட்டு அலுத்துப்போய் வர்றான், வீட்டுலயும் அவன் தலையில போடாதே, நல்ல தண்ணியா பாத்து நீயே ஊத்துன்னாரு."

"அன்னைக்கு நான் அப்படிக் கத்தினனே, சொல்லியிருக்கலாமேம்மா."

"அவருதான் சொல்ல வந்தாரே. மூச்சு இல்ல. கைய கைய ஆட்டுனாரு, நான்தான், நான்தான்னு." அம்மா கையைத் தூக்கி அவர் ஆட்டியதைப் போலவே ஆட்டிக் காட்டினாள். "நான்தான் வேணாம்னு கண்ணக் காட்டுனேன். அந்த நேரத்துல அவரையும் நீ ஏதாவது கேட்டுடுவியோன்னு பயம்."